பரண்மேல் இருக்கும் மஞ்சப்பை

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசிய உரையின் எழுத்து வடிவம் இது. வர முடியாத உறுப்பினர்களுக்காகப் பேசியபடியே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



வங்கிக் கடன், தவணை, தணிக்கை எல்லாம் காலையிலிருந்து பேசி முடிச்சாச்சு. எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு சுகாதாரம். வழக்கமா நான் கை கழுவுறது, ரத்தசோகை, கழிப்பறைன்னு பேசுவேன். இன்னிக்கு அது இல்லை. ஒரு கேள்வி கேட்கிறேன். கை தூக்க வேண்டாம், மனசுக்குள்ள பதில் சொன்னால் போதும்.

உங்க வீட்டில் மருந்து மாத்திரை எங்கே இருக்கு?

சிரிக்கிறீங்க. எனக்குத் தெரியும். சில வீட்டில் பரண்மேல் ஒரு மஞ்சப்பை. சில வீட்டில் டிவி மேல ஒரு பிளாஸ்டிக் டப்பா. சாமி மாடத்தில், அரிசி டின்னுக்குப் பின்னாடி, டிரங்குப் பெட்டியில் துணிக்கு நடுவில், ஜன்னல் கம்பியில் சொருகி. அதுக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டால் யாருக்கும் முழுசாத் தெரியாது.

போன மாதம் ஒரு குழுவில், "அடுத்த வாரம் வரும்போது வீட்டில் இருக்கிற மருந்தை எல்லாம் அப்படியே எடுத்துக்கிட்டு வாங்க"ன்னு சொன்னோம். வந்தாங்க. பாயில் கொட்டினோம். பாதி அட்டையாக் கிடந்த மாத்திரை, மூடி ஒட்டிப்போன சிரப் பாட்டில், கல்லாட்டம் இறுகிப்போன உப்பு சர்க்கரைப் பொட்டலம், பேத்திக்குக் கண்ணு வலி வந்தப்ப வாங்கின சொட்டு மருந்து, இறந்துபோன மாமனாரோட சுகர் மாத்திரை. ஒரு அக்கா கொண்டுவந்த பாட்டிலில் பேரே அழிஞ்சு போயிருந்தது. "இது எதுக்குக்கா?"ன்னு கேட்டேன். "தெரியலைம்மா, நல்ல மருந்துன்னு எடுத்து வச்சேன்"னாங்க.

யாரையும் குறை சொல்ல நான் வரலை. ஏன் வச்சிருக்கோம்னு எனக்குப் புரியுது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா ஒரு நாள் கூலி போயிடும். பஸ் காலையில் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் அடிச்சால் யாரைப் போய் எழுப்புவது? அதனால் மிச்சமானதை எடுத்து வைக்கிறோம். அதோடு அது காசு கொடுத்து வாங்கினது. நம்ம குழுப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்க, எத்தனை உள்கடன் மருத்துவச் செலவுக்குன்னு எழுதியிருக்கோம். வட்டி கட்டி வாங்கின மருந்தைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்?

அதனால் "தூக்கிப் போடுங்க"ன்னு ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது, எப்படிப் பார்ப்பது, எங்கே கொடுப்பது, இதைத்தான் பேசப் போறேன். அதுக்கு முன்னாடி என் வீட்டுக் கதை ஒண்ணு. இதுவரை எந்தக் கூட்டத்திலும் இதை நான் சொன்னதில்லை.

என் வீட்டு அட்டை

நான் கர்ப்பமா இருந்தப்ப, உங்களுக்குக் கொடுக்கிற மாதிரியே எனக்கும் நர்சம்மா சிவப்பு நிற இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தாங்க. கர்ப்ப காலத்தில் 180 நாள், குழந்தை பிறந்த பிறகு 180 நாள் தினம் ஒண்ணு போடணும். ஊர் ஊராப் போய் இதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஆனால் நான் போட்டேனா? நாலு நாள் போட்டேன். வாந்தி வர மாதிரி இருந்தது, மலம் கருப்பாப் போச்சு. நிறுத்திட்டேன். நர்சம்மா கேட்டப்ப, "போடறேன் சிஸ்டர்"னு சொன்னேன். மாத்திரையை அம்மா வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னாடி தள்ளி வச்சேன். அப்புறம் மறந்துட்டேன்.

என் பையனுக்கு ரெண்டரை வயசு இருக்கும்போது அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். அம்மா அரிசி டின்னை நகர்த்திக் கூட்டிக்கிட்டு இருந்தாங்க. இவன் சத்தமே இல்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். போய்ப் பார்த்தால் வாயெல்லாம் சிவப்பு. கையில் அட்டை. வெளியே சர்க்கரைப் பூச்சு, உள்ளே இரும்பு. அவனுக்கு அது ஜெம்ஸ் மிட்டாய்.

ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கிட்டு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மாத்திரை தின்னான்?"

அட்டையில் ஆறு இடம் காலி. அதில் நான் போட்டது எத்தனை, அவன் பிரிச்சது எத்தனை? நாலு நாள் போட்டேன்னு இப்ப உங்ககிட்ட சொல்றேன். அன்னிக்கு எனக்கு நாலா, ரெண்டா, மூணான்னு உறுதியாச் சொல்ல வரலை. நர்சம்மாகிட்ட "தினமும் போடறேன்"னு சொன்ன அதே வாய், டாக்டர்கிட்ட ஒரு எண்ணைச் சொல்ல முடியாமல் நின்னுச்சு. குழுவில் 5 ரூபாய் கணக்கு இடிச்சால் எத்தனை பேச்சுப் பேசுவேன்!

ரத்தம் எடுத்தாங்க. ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் வார்டில் வச்சுப் பார்த்தாங்க. நல்லவேளை, அவன் தின்னது கொஞ்சம்தான். ஒண்ணும் ஆகலை. இப்ப ஸ்கூலுக்குப் போறான். ஆனால் அந்த ராத்திரியில் டாக்டர் சொன்னதை மறக்க முடியலை. சின்னக் குழந்தை இரும்பு மாத்திரையை நிறையத் தின்னுவிட்டால் முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு, சில நேரம் ரத்தமாகவும் போகும். அப்புறம் குழந்தை தெளிஞ்ச மாதிரி இருக்கும். "சரியாப் போச்சு"ன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதுக்குப் பிறகு கல்லீரல் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் நல்லா விளையாடின பிள்ளையையும் விடாமல் வச்சிருந்தாங்க.

அந்த அட்டையில் தேதி எப்பவோ முடிஞ்சிருந்தது. தேதி முடிஞ்சாலும் இரும்பு இரும்புதான். வீரியம் போயிருக்கும்னு நினைச்சு விட்டுவிட முடியாது.

தேதியைப் பார்ப்பது எப்படி?

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே"ன்னு சொல்றவங்க கவனிங்க. கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும், இதுவும் பார்க்கலாம்.

மாத்திரை அட்டையின் பின்பக்கத்திலோ ஓரத்திலோ ரெண்டு தேதி இருக்கும். ஒண்ணு தயாரித்த தேதி. அது எம் என்ற எழுத்தில் ஆரம்பிக்கும். இன்னொண்ணு முடியும் தேதி. அதில் ஈ, எக்ஸ், பி என்று மூணு எழுத்து இருக்கும். நடுவில் இருக்கிற எழுத்து நம்ம கணக்கு நோட்டில் போடுற பெருக்கல் குறி மாதிரியே இருக்கும். பெருக்கல் குறியைத் தேடுங்க, பக்கத்தில் மாதமும் வருஷமும் இருக்கும். எண்ணு எல்லாருக்கும் தெரியும். 08/2027 என்று போட்டிருந்தால் 2027 ஆகஸ்ட் மாதம் கடைசி நாள் வரைக்கும் பயன்படுத்தலாம். செப்டம்பர் 1 வந்தால் முடிந்தது.

ரெண்டு தேதியையும் குழப்பிக்கக் கூடாது. பின்னாடி வருகிற தேதிதான் முடிவுத் தேதி.

கடைக்காரர் அட்டையை நறுக்கிக் கொடுக்கும்போது தேதி இருக்கிற பக்கம் அவர்கிட்டயே போயிடும். "அண்ணே, தேதி எது, பார்த்துச் சொல்லுங்க"ன்னு கேட்டு, வாங்கின காகித உறை மேலயே எழுதி வாங்குங்க. எதுக்குன்னும் தமிழில் எழுதச் சொல்லுங்க. "காய்ச்சல்", "பி.பி., காலை" என்று ரெண்டு வார்த்தை போதும். ரசீதும் கேட்டு வாங்குங்க. 2010 மார்ச்சில் சென்னையில் என்ன நடந்தது, ஞாபகம் இருக்கா? காலாவதியான மருந்தை எடுத்துப் புதுத் தேதி போட்டு விற்றவங்க பிடிபட்டாங்க. பல நாள் பேப்பரில் அதுதான் செய்தி. தேதி அடிச்சுத் திருத்தின மாதிரியோ, மேலே ஸ்டிக்கர் ஒட்டின மாதிரியோ இருந்தால் வாங்காதீங்க.

நீங்களே மாத்திரை போடும்போதும் ஒரு பழக்கம் வேணும். தேதி இல்லாத பக்கத்திலிருந்து பிரிச்சுக்கிட்டு வாங்க. கடைசி மாத்திரை வரைக்கும் தேதி கூடவே இருக்கும்.

தேதி முடிஞ்சால் விஷமா?

இதைப் பலர் கேட்டிருக்கீங்க. உண்மையைச் சொல்லணும். எல்லா மருந்தும் தேதி முடிஞ்ச மறுநாளே விஷம் ஆகிவிடாது. அமெரிக்க ராணுவம் தன் கிடங்கில் இருக்கும் மருந்துகளை 1986 முதல் சோதித்துப் பார்த்துவருகிறது. பிரிக்காத பெட்டியில், சரியான குளிர்ச்சியில் இருந்த மருந்துகள் பலவும் தேதிக்குப் பிறகும் நல்லபடியா இருந்தது தெரியவந்தது.

உடனே, "அப்ப போடலாம்தானே?"ன்னு கேட்காதீங்க. அவங்க கிடங்கு வேற, நம்ம தகரக் கூரை வேற. சித்திரை வெயிலில் நம்ம வீட்டுப் பரண் எப்படிக் கொதிக்கும்? மருந்து உறையில் "30 டிகிரிக்குக் கீழே, வெளிச்சம் படாமல் வைக்கவும்"னு அச்சடிச்சிருக்கும். வெயில் காலத்தில் நம்ம ஊரு 40 டிகிரியைத் தொடுது. சூடு, ஈரம், வெளிச்சம் மூணும்தான் மருந்துக்கு எதிரி. ஆஸ்பிரின் மாத்திரையில் ஈரம் பட்டால் வினிகர் வாசம் அடிக்கும். மருந்து உடைஞ்சுபோச்சுன்னு அது சொல்ற வாசம். ஆனால் எல்லா மருந்தும் இப்படி வாசம் காட்டிச் சொல்லாது. பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், உள்ளே வீரியம் இருக்காது.

கெட்டுப்போய் உடம்பையே கெடுத்ததும் உண்டு. டெட்ராசைக்ளின் என்ற மருந்து பழசாகிப் போனதைச் சாப்பிட்டவங்களுக்குச் சிறுநீரகம் பாதிச்சதை 1963லேயே டாக்டர்கள் எழுதி வச்சிருக்காங்க.

ஆனால் நம்ம வீடுகளில் பெரிய ஆபத்து விஷம் இல்லை. "மருந்து போட்டாச்சு"ன்னு நம்பி இருந்துவிடுவோம் பாருங்க, அதுதான். நெஞ்சு வலி வந்தவருக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை கொடுக்கிறோம். அது வீரியம் இழந்திருந்தால்? வலிப்பு மாத்திரை, இன்சுலின் ஊசி, கருத்தடை மாத்திரை இவை எல்லாம் பாதி வேலை செய்தால் போதும்னு இருக்கிற மருந்துகளா? கிருமியைக் கொல்லும் மருந்து வீரியம் குறைஞ்சு போனால் கிருமி சாகாது, அந்த மருந்துக்கே பழகிக்கும். அப்புறம் நல்ல மருந்து கொடுத்தாலும் கேட்காது. இவற்றில் எதையும் தேதிக்குப் பிறகு ஒரு நாளும் தொடக் கூடாது.

தேதி இருந்தாலும் கூடாதவை

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. முடிவுத் தேதி என்பது பிரிக்காத மருந்துக்குத்தான். பிரிச்ச பிறகு வேற கணக்கு.

கண் சொட்டு மருந்து: மூடி திறந்து ஒரு மாதம்தான். அதன் பிறகு கிருமி சேரும். அட்டைப்பெட்டி மேல திறந்த தேதியை எழுதுங்க.

பொடியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கும் குழந்தைகள் சிரப்: பெரும்பாலும் கலந்து 7 நாள்தான். எத்தனை நாள் என்று பாட்டிலிலேயே இருக்கும். போன தடவை மிச்சமானதை அடுத்த சளிக்குக் கொடுக்கவே கூடாது.

உப்பு சர்க்கரைக் கரைசல்: கலந்த பிறகு 24 மணி நேரம்தான். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணிக்கு. பாதிப் பொட்டலத்தைக் கொட்டிவிட்டு மீதியை மடிச்சு வைக்காதீங்க, முழுசாக் கலக்குங்க. பொட்டலம் பிரிக்காமல் இருந்தும் உள்ளே இறுகியிருந்தால் வேண்டாம்.

இன்சுலின்: பிரிக்காததை ஃபிரிட்ஜில், ஐஸ் பெட்டிக்குள் இல்லாமல் கீழ்த்தட்டில் வைக்கணும். உறைஞ்சு போனால் பயன்படாது. பிரிச்சது பெரும்பாலும் 28 நாள்தான். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வதுன்னு கொடுக்கும் இடத்திலேயே கேளுங்க. ஈர மண்ணில் பானைக்குள் பானை வைக்கும் முறையை நர்சம்மா காட்டுவாங்க.

அடுத்தது, நம்முடையது இல்லாத மருந்து. "எனக்கும் இதே முட்டி வலிதான், இதைப் போடு"ன்னு அட்டையை நீட்டுறோம். அவங்களுக்கு வயிற்றுப்புண் இருக்கா, சிறுநீரகத்தில் கோளாறு இருக்கா, நமக்குத் தெரியுமா? இன்னொண்ணும் நான் பார்க்கிறேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுக்கிற பி.பி. மாத்திரை ஒரு பேரு, தனியார் டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு பேரு. உள்ளே இருக்கிறது ரெண்டிலும் ஒரே மருந்துதான். பெரியவங்க ரெண்டையும் போட்டுக்கிட்டுத் தலை சுத்தி விழறாங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும் முழுப் பையையும் கொண்டுபோய்க் காட்டுங்க.

அட்டையில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு போட்டிருக்கும் மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவும் கூடாது, மிச்சம் வச்சு அடுத்தவங்களுக்குக் கொடுக்கவும் கூடாது.

மிச்சம் என்ன சொல்லுது?

சகோதரிகளே, அன்னிக்குப் பாயில் கொட்டின மருந்தை எல்லாம் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒரு பாட்டியோட பையில் மூணு மாதத்து பி.பி. மாத்திரை அட்டை பிரிக்காமலே இருந்தது. "பாட்டி, ஏன் போடலை?" "தலைவலி இல்லையே கண்ணு, வந்தால் போட்டுக்கலாம்னு வச்சிருக்கேன்." பாட்டிக்கு உடனே ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னோம். ரொம்ப அதிகம். அன்னிக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். பி.பி. மாத்திரை வலி வந்தால் போடுவது இல்லை. வலியே இல்லாமல் இருந்து ஒரு நாள் கை கால் இழுத்துவிடக் கூடாதுன்னு தினம் போடுவது. அதை யாரும் பாட்டிகிட்ட உட்கார்ந்து சொல்லியிருக்கலை.

அப்பத்தான் எனக்கு உறைச்சது. ஒரு வீட்டில் மருந்து மிச்சமா இருக்குன்னா, அந்த வீட்டில் யாரோ ஒருத்தர் மருந்தை முழுசாப் போடலைன்னு அர்த்தம். மிச்சமான இரும்பு மாத்திரை ரத்தசோகை தீராத ஒரு பொண்ணைக் காட்டுது. மிச்சமான டிபி மாத்திரை நடுவில் நிறுத்திய சிகிச்சையைக் காட்டுது. மிச்சமான கிருமி மருந்து "காய்ச்சல் விட்டுடுச்சு, போதும்"னு மூணாம் நாள் நிறுத்தினதைக் காட்டுது.

அதனால் பையைத் திறக்கும்போது தேதியை மட்டும் பார்க்காதீங்க. "இது ஏன் மிச்சம்?"னு கேளுங்க. குமட்டல் வந்ததால் நிறுத்தினேன்னு சொன்னால் திட்டாதீங்க. அன்னிக்கு என்னை யாராவது திட்டாமல் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு ராத்திரி போட்டால் பலருக்குக் குமட்டல் குறையும். டீ, காபியோட சேர்த்துப் போடக் கூடாது. மலம் கருப்பாகப் போவது இரும்பினால்தான், பயப்பட வேண்டியதில்லை. இந்த மூணு வரியை என்கிட்ட சொல்லியிருந்தால் அந்த அட்டை அரிசி டின்னுக்குப் பின்னாடி போயிருக்காது.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே போய் பி.பி., சுகர் மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்களாக வந்தவங்க நம்ம மாதிரி சுய உதவிக் குழுப் பெண்கள்தான். நம்ம கூட்டமைப்பிலும் அந்த வேலை பார்த்தவங்க இருக்கீங்க. மாத்திரையைக் கையில் கொடுத்தபோது, போன மாதத்து மிச்சத்தையும் எண்ணிப் பார்த்தவங்க எத்தனை பேர்? மனசுக்குள்ளயே பதில் சொல்லிக்குங்க.

எங்கே போடுவது?

வேண்டாத மருந்தைச் சரி, என்ன செய்வது?

கிணற்றில், குளத்தில், வாய்க்காலில், கழிப்பறையில் போடக் கூடாது. அடுப்பிலோ குப்பையோடோ கொளுத்தக் கூடாது. அட்டை பிளாஸ்டிக்கும் அலுமினியமும். புகை நம்ம மூக்குக்குத்தான் வரும். குப்பைமேட்டில் அப்படியே எறிந்தால் ஆடு மாடு மேயும், குழந்தை பொறுக்கும்.

ஆட்டுக்கு மாட்டுக்குக் கொடுத்துத் தீர்க்கவும் கூடாது. டைக்குளோபினாக் என்ற வலி மருந்தை மாட்டுக்கு ஊசி போட்டாங்க. செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாச் செத்துப்போச்சு. காரணம் இந்த மருந்துதான்னு 2004ல் தெரிஞ்சது. 2006ல் கால்நடைகளுக்கு அதை நம்ம நாட்டில் தடை பண்ணினாங்க. நம்ம பாட்டி காலத்தில் வானத்தில் வட்டமிட்ட பறவை, இப்ப நம்ம பிள்ளைங்களுக்குக் காட்ட இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். வேண்டாத மருந்தை மூடியிருக்கும் ஒரு டின்னில் போட்டு, மேலே "வேண்டாதது"ன்னு எழுதி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்க. அடுத்த தடவை துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகும்போது வாங்கிக்குவாங்களான்னு கேட்டுக் கொடுங்க. ஆஸ்பத்திரிக் கழிவை அழிக்க அங்கே தனி ஏற்பாடு இருக்கு. கிருமி மருந்து, இன்சுலின் ஊசி இரண்டையும் கட்டாயம் அங்கேதான் கொடுக்கணும். ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடிக் கொடுங்க. நம்ம தூய்மைக் காவலர் அக்காக்களும் நம்ம குழுக்காரங்கதான், அவங்க கையில் குத்தக் கூடாது.

எங்கேயும் வாங்காவிட்டால், சாதாரண மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிச்சு, சாம்பல், டீத்தூள் சக்கை, ஈர மண் இதில் ஒண்ணோடு பிசைந்து, பையில் இறுக்கிக் கட்டி, குப்பை வண்டியில் "பழைய மருந்து"ன்னு சொல்லிக் கொடுங்க. இது கடைசி வழிதான். புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் மார்பின் போன்ற மருந்தை அடுத்தவர் தெரியாமல் தின்றால் உயிர் போகும். 2025 மே மாதம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலில் இப்படிப்பட்ட 17 மருந்துகளுக்குத் தனி முறை சொல்லியிருக்காங்க. கொடுத்த ஆஸ்பத்திரியில் கேட்டு அவங்க சொல்றபடி செய்யுங்க.

கேரளத்தில் வீட்டில் மிச்சமாகும் மருந்தைச் சேகரிக்க அரசாங்கமே திட்டம் போட்டு 2025ல் கோழிக்கோட்டில் தொடங்கினாங்க. நம்ம கூட்டமைப்பும் கேட்கணும். கிராமசபையில் ஒரு மனு கொடுப்பது நமக்குப் புதுசா?

குழந்தை விழுங்கிவிட்டால்

உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி, சாணித் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. மூச்சுக் குழாயில் போய் ஆபத்தாகும். நல்லாத்தானே இருக்குன்னு காத்திருக்காதீங்க. 108க்குப் போன் பண்ணுங்க, அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்க. அட்டை, பாட்டில், கீழே சிந்தினது எல்லாத்தையும் கையோடு எடுத்துப் போங்க. எத்தனை இருந்தது, இப்ப எத்தனை இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க. மருந்தைக் கொடுக்கும்போது "மிட்டாய்டா கண்ணு"ன்னு ஒருநாளும் சொல்லாதீங்க. மருந்துன்னே சொல்லிக் கொடுங்க.

இன்றைய தீர்மானம்

சரி, பேச்சு போதும். நம்ம வழக்கப்படி தீர்மானமா எழுதிக்குவோம். செயலாளர் அக்கா, குறிச்சுக்குங்க.

ஒன்று. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒவ்வொரு குழுவிலும் மருந்துப் பை பார்க்கும் நாள். ஆயுத பூஜைக்கு முன் வரும் கூட்டம் ஒண்ணு, போகிக்கு முன் வரும் கூட்டம் ஒண்ணு. எப்படியும் வீட்டை ஒழிக்கிற நேரம் அது. ஆனால் போகித் தீயில் மருந்தைப் போடாதீங்க, சொல்லிட்டேன்.

இரண்டு. ஒவ்வொரு குழுவிலும் தேதி பார்க்கத் தெரிந்த ரெண்டு பேர், தெரியாதவங்களுக்குப் பெருக்கல் குறியைக் காட்டிக் கொடுக்கணும்.

மூன்று. மிச்சமான மருந்தை யார் கொண்டுவந்தாலும் கேலியோ திட்டோ கூடாது. "ஏன் நிறுத்தினீங்க?"ன்னு கேட்டு, நர்சம்மாகிட்ட கூட்டிட்டுப் போகணும்.

நான்கு. சேரும் மருந்தை ஊக்குநர் கணக்கில் எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படைக்கணும். அதற்கு மருத்துவ அலுவலரிடம் முன்னாடியே பேசுவது என் பொறுப்பு.

வீட்டில் என்னதான் வைக்கலாம்னு கேட்பீங்க. தேதி உள்ள காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை, உப்பு சர்க்கரைப் பொட்டலம் ரெண்டு, காயத்துக்கு மருந்தும் சுத்தமான துணியும், டாக்டர் உங்களுக்குன்னு எழுதிக் கொடுத்த மாத்திரை. அவ்வளவுதான். மூடி உள்ள டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி, நிழலான சுவர் பக்கம், குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில். ராத்திரி சந்தேகம் வந்தால் 104க்குப் பேசலாம்.

போன வாரம் அம்மா வீட்டுக்குப் போனேன். அரிசி டின்னை நகர்த்திப் பார்த்தேன். ஒண்ணும் இல்லை. என் பையன் பின்னாடியே வந்து, "என்னம்மா தேடற?"ன்னு கேட்டான். சொன்னேன், நடந்ததை முழுசாச் சொன்னேன். அவனுக்கு ஞாபகமே இல்லை. எனக்கு இருக்கு. அதைத்தான் இன்னிக்கு உங்ககிட்டயும் சொன்னேன்.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும், சமைக்கிறதுக்கு முன்னாடி, அந்த மஞ்சப்பையைக் கீழே இறக்குங்க.